அடைக்கலமும் ஆராய்வும்

அகதி என்னுஞ் சொல் நம் காலத்தில் நாவிற்கு மிகப் பழகிப்போயிற்று. பழகிய சொல்லின் பொருளை நாம் நின்று நோக்குவதில்லை. கதி என்பது செல்லும் நெறி, சென்று சேருமிடம், பற்றுக்கோடு என்னும் பொருளும் அதற்குண்டு. இவை யாவும் அற்றவன் அகதி. 1983 ஆம் ஆண்டின்பின் இச்சொல் நமக்கு அகராதிச் சொல்லாகவன்றி வீட்டுச் சொல்லாகவே ஆயிற்று. இக்கல்லூரியிற் பயின்றோர் பலர் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் சூரிச்சிலும் சிட்னியிலும் வாழ்கின்றனர். கல்வி கருதிச் சென்றோரும் அவருள் உளர். தொழில் நாடிச் சென்றோரும் உளர். உயிருக்கஞ்சி ஓடினோரும் உளர். ஆகலின், ஒருவன் அகதியோ அல்லனோ என்பதை யாவர், எவ்வாறு, எந்த அளவுகோல் கொண்டு முடிவு செய்கின்றனர் என்னும் வினா நமக்குப் புறத்தே நிற்கும் வெறுஞ் சட்டவினாவன்று. நம் குடும்ப வினாவேயாம். அதுபற்றிச் சில கூறுதல் இம்மலருக்கு இயைபுடைத்து என எண்ணுகின்றேன்.

அடைக்கலம் என்றவுடன் நம்மவர் இரக்கத்தையே நினைப்பர்; ஆராய்வை நினையார். ஆராய்வு என்றவுடன் அதிகாரிகள் ஐயத்தையே நினைப்பர், இரக்கத்தை நினையார். இவ்விரண்டும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதை நம் மாணவர் வகுப்பறையிலேயே கற்றுள்ளனர். கம்பராமாயணத்து வீடணன் அடைக்கலப் படலத்தை நினைவுகூர்க. பகைவனின் தம்பி கடற்கரையில் வந்து நிற்கின்றான். இராமன் உடனே ஏற்கவுமில்லை, உடனே துரத்தவுமில்லை. வந்தவன் யாவன், எதன்பொருட்டு வந்தான் என்பது முதலில் வினாவி அறியப்படுகின்றது. பின்னர்த் துணைவர் கருத்து ஒவ்வொன்றாகக் கேட்கப்படுகின்றது. சுக்கிரீவன் ஐயுறுகின்றான், சாம்பவனும் நீலனும் ஏற்கலாகாது என்கின்றனர். ஈற்றில் அனுமன் பேசுகின்றான். அவன் பேச்சு வெறும் பரிவன்று; சான்று. தன்னைக் கொல்லுமாறு இராவணன் ஏவியபோது தூதனைக் கொல்லுதல் தகாதென வீடணன் தடுத்ததை எடுத்துக்காட்டுகின்றான். அவன் மனையில் தான் கண்ட தூய்மையைக் கூறுகின்றான். அவன் மகள் திரிசடை சீதைக்கு ஆறுதலாயிருந்ததைக் கூறுகின்றான். மறுப்போர் கூற்றும் ஏற்போர் கூற்றும் முழுதுங் கேட்கப்பட்ட பின்னரே அடைக்கலம் அளிக்கப்படுகின்றது. இன்றைய உலகம் அகதித் தகுதி நிருணயம் என்று பெயரிட்டு வழங்குவதன் உயிர்நிலை இதுவன்றி வேறென்னை?

இனி, இன்றைய சட்டம் பிறந்த வரலாற்றைச் சிறிது காண்போம். 1938 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் பிரான்சு நாட்டு ஏவியன் நகரில் 32 நாடுகளின் பேராளர் கூடினர். இட்லரின் ஆட்சிக்கஞ்சி ஓடும் யூதரை ஏற்பது எவ்வாறு என்பதே பொருள். இரங்கற் சொற்கள் மிகுதியாகப் பேசப்பட்டன. கதவுகள் மிகுதியாகத் திறக்கப்படவில்லை. மறு ஆண்டு மே மாதம் 937 பயணிகளுடன் ஹம்பேர்க்கிலிருந்து புறப்பட்ட சென் லூயி என்னுங் கப்பலுக்குக் கியூபா இடமளிக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவும் கனடாவும் அளிக்கவில்லை. அது ஐரோப்பாவுக்கே மீண்டது. திரும்பியோருள் 254 பேர் பின்னர் நாசிகளின் கொடுமைக்கு இரையாயினர். அவர்களை அன்று எவரும் கொல்லவில்லை, ஏற்கவில்லை, அவ்வளவே. ஏலாமையும் கொலைக்குத் துணையாகும் என்பதை உலகம் இவ்வாறு காலங்கடந்து கற்றது.

அக்கல்வியின் பயனே 1951 ஆம் ஆண்டு யூலை 28 ஆந் திகதி ஜெனீவாவில் நிறைவேறிய அகதிகள் சமவாயம். முதலில் அது 1951 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதிக்கு முன் நிகழ்ந்தவற்றால் அகதியானோரை மட்டுமே கருதிற்று. 1967 ஆம் ஆண்டுத் துணை உடன்படிக்கை அக்கால வரையறையை நீக்கிற்று. அந்நீக்கம் இல்லையேல் 1983 இல் ஓடிய நம்மவருக்கு அச்சமவாயத்தில் இடமே இராது.

அச்சமவாயம் அகதிக்குக் கூறும் இலக்கணத்தை நன்னூற் சூத்திரம்போற் பகுத்துப் பொருள்கொள்ளல் வேண்டும். தன் நாட்டுக்கு வெளியே இருத்தல் ஒன்று. கொடுமைப்படுத்தப்படுவோம் என்னும் அச்சம் உடைமை இரண்டு. அவ்வச்சம் தக்க காரணம் உடையதாதல் மூன்று. அக்கொடுமை இனம், சமயம், தேசிய இனம், குறித்ததொரு சமுதாயக் குழுவிற் சேர்ந்திருத்தல், அரசியற் கருத்து என்னும் ஐந்தனுள் ஒன்றுபற்றி வருவதாதல் நான்கு. தன் நாட்டின் பாதுகாப்பைப் பெற இயலாமை, அல்லது அவ்வச்சங் காரணமாகப் பெற விரும்பாமை ஐந்து. இவற்றுள் ஒன்று குறையினும் சட்டத்தின் கண்ணில் அவன் அகதியாகான். போர்க்குற்றம், மானிடத்துக்கு எதிரான குற்றம் முதலியன புரிந்தோரை விலக்கவும் அதில் விதியுண்டு.

இவ்விலக்கணத்தை நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். வறுமையால் மட்டும் ஓடியவன் இதனுள் அடங்கான். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நம் நாட்டினின்றும் பலர் கடல்வழி புறப்பட்டனர். அவ்வாண்டு நவம்பரில் வியட்நாமுக்கு அப்பாற் கடலிற் கப்பல் பழுதாகித் தத்தளித்த இலங்கையர் 303 பேர் மீட்கப்பட்டனர். பசியும் துன்பமே, எனினும் சமவாயம் கூறும் துன்பம் அதுவன்று. பசியால் ஓடியோன் இரக்கத்துக்குரியன். அவனுக்கு வேறொரு வாயில் வேண்டும். ஆனால் எல்லோரையும் ஒரே வாயிலில் தள்ளுவதால் மெய்யாகவே உயிருக்கஞ்சி வந்தவன் நெருக்குண்டு பின்தள்ளப்படுகின்றான் என்பதை நாம் மறைத்தல் ஆகாது.

மற்றுமோர் உண்மையும் உண்டு. ஐக்கிய நாடுகள் சபையின் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகர் அலுவலகம் 1979 இல் வெளியிட்ட கைந்நூல், அங்கீகாரம் ஒருவனை அகதியாக்குவதில்லை, அவன் அகதி என்பதை அறிவிப்பதே என்று தெளிவுறுத்துகின்றது. பரீட்சைப் பெறுபேறு மாணவனுக்கு அறிவைக் கொடுப்பதில்லை. உள்ள அறிவைக் காட்டுவதே அதன் தொழில். பரீட்சகர் தவறின் அறிவு இல்லாமற் போவதில்லை. அதுபோல அதிகாரி தவறின் அச்சம் இல்லாமற் போவதில்லை. மாணவன் மறுமுறை தோற்றலாம். திருப்பியனுப்பப்பட்ட அகதிக்கு மறுமுறை வாய்ப்பது அரிது. இதனாலேயே, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ இடருள்ள நாட்டிற்கு எவரையும் திருப்பியனுப்பலாகாது எனச் சமவாயத்தின் 33 ஆம் உறுப்புரை விதிக்கின்றது. இது நமக்குப் புதியதன்று. புறாவைப் பருந்தினிடம் திருப்பிக் கொடாது தன் தசையையே அரிந்து கொடுத்த சிபியின் கதையை நம் பாட்டியர் சொல்லக் கேட்டோம். கவுந்தியடிகள் அடைக்கலமாக ஒப்படைத்த கண்ணகிக்கும் கோவலனுக்கும் நேர்ந்ததைப் பொறாது இடைக்குல மாதரி தீப்புகுந்தாள் எனச் சிலப்பதிகாரங் கூறும். அடைக்கலப்பொருள் இழத்தலை நம் முன்னோர் அத்துணைப் பெரிதாக எண்ணினர்.

அச்சம் தக்க காரணம் உடையதென்பதை எவ்வளவு சான்றால் நாட்டுதல் வேண்டும்? 1987 ஆம் ஆண்டு இவ்வினாவுக்கு இரு பெரு நீதிமன்றங்கள் விடையிறுத்தன. ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்றம், பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருப்பினும் அச்சம் தக்க காரணமுடையதாகலாம் என்றது. அவ்வாண்டிலேயே இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, இலங்கைத் தமிழர் சிலரின் வழக்கில், நியாயமான அளவு வாய்ப்பு இருத்தல் போதும், ஆயின் அச்சத்தின் மெய்ம்மையைப் புறநிலை உண்மைகளைக் கொண்டே அதிகாரி அளக்கலாம் என்று தீர்த்தது. அளவுகோல் மென்மையானது, அளந்த கை வன்மையானது. அத்தமிழர் 1988 பெப்ரவரியில் இலங்கைக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். 1989 இல் மேன்முறையீடு அவர்க்குச் சார்பாக முடிந்தமையால் இங்கிலாந்துக்கு மீண்டனர். அவருள் ஐவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குச் செல்ல, அது 1991 இல் இங்கிலாந்து சமவாயத்தை மீறவில்லை எனப் பெரும்பான்மையால் முடிபு கூறிற்று. ஒரே மனிதர், ஒரே அச்சம், ஒன்றற்கொன்று மாறுபட்ட முடிபுகள். மனிதர் செய்யும் தீர்ப்பில் இது தவிர்க்க இயலாதது என்பர் சிலர். தவிர்க்க இயலாததாயின், பிழை எப்பக்கம் சாய்தல் வேண்டும் என்பதையேனும் நாம் முன்னரே முடிவு செய்தல் வேண்டும். சந்தேகத்தின் பயன் கோருவோனுக்கே என்று மேற்கூறிய கைந்நூல் கூறுவதன் கருத்து இதுவே. தகுதியற்ற ஒருவனை ஏற்றல் ஒரு பிழை. தகுதியுள்ள ஒருவனைத் திருப்புதல் திருத்தவொண்ணாப் பிழை.

நேரிற் கேளாது தீர்த்தலின் தீங்கைக் கனடா விரைவில் உணர்ந்தது. நம்பகத்தன்மையே வினாவாக நிற்குமிடத்து, கோருவோனை நேரில் அமர்த்தி வாய்மொழி கேளாது மறுத்தல் நீதியாகாது என அந்நாட்டு உயர்நீதிமன்றம் 1985 ஏப்பிரில் 4 ஆந் திகதி தீர்த்தது. அவ்வழக்கைத் தொடுத்தோருட் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து சென்ற சீக்கியர். அவர் பெற்ற நீதியின் நிழலிலேயே பின்வந்த தமிழர் பல்லாயிரவர் தங்கினர். இதற்கு எதிர்மறையான காட்சி 2014 இல் நிகழ்ந்தது. அவுஸ்திரேலியா நடுக்கடலில் மறித்த படகொன்றிலிருந்த இலங்கையர் 41 பேர், கப்பலிலேயே சுருங்கிய சில வினாக்கள் வினாவப்பட்டு, யூலை மாதம் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவருட் சிங்களரே மிகப் பலர், தமிழர் சிலர். அவர்தம் கோரிக்கை மெய்யோ பொய்யோ என்பதன்று ஈண்டு வினா. அலைமேல் ஆடும் கப்பலில், சட்டத்தரணியின்றி, மேன்முறையீடின்றி, சில நிமிடங்களில் அதனை அறியக்கூடுமோ என்பதே வினா.

இனி, தமிழாசிரியன் என்னும் முறையில் யான் சிறப்பாகக் கூறவேண்டிய பகுதிக்கு வருகின்றேன். விசாரணை மண்டபத்தில் அகதியின் உயிர் பெரும்பாலும் அவன் சொல்லிலேயே தொங்குகின்றது. அச்சொல்லோ அதிகாரியின் காதை அடையுமுன் உரைபெயர்ப்பாளர் வாய்வழிச் செல்கின்றது. அவ்வழியில் நிகழும் சேதத்தைத் தமிழ் கற்றோரே நன்கறிவர்.

நம்மூரவன் ஒருவன் முதல் விசாரணையில், ‘அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்’ என்றான் என வைத்துக்கொள்வோம். உடன்பிறந்த ஆண்கள் எத்தனை பேர் எனப் பிறிதொரு நாள் வினாவ, ‘ஒருவருமில்லை’ என்கின்றான். அண்ணன் என்றது பெரியப்பாவின் மகனை. நம் வழக்கில் இதில் முரணில்லை, ஏட்டிலோ பெருமுரண். ‘ஒரு கிழமை வைத்திருந்தார்கள்’ என்றால் யாழ்ப்பாணத்தில் ஏழுநாள். தமிழ்நாட்டு வழக்கிற் கிழமை என்பது ஞாயிறு, திங்கள் முதலாய நாளின் பெயர்க்குரியது. உரைபெயர்ப்பாளர் நம் வழக்கறியாதவராயின் ஏழுநாட் காவல் ஒருநாட் காவலாதல் கூடும். ‘வெடி வைத்தார்கள்’ எனில் நம்மவர் கருதுவது துப்பாக்கியாற் சுட்டதனை. பிற நாட்டுத் தமிழர் வெடிகுண்டு வைத்ததாகவோ வாணவெடி கொளுத்தியதாகவோ கொள்வர். ‘வீட்டுக்கு வந்து தேடினார்களாம்’ என்பதன் ஈற்றிலுள்ள ‘ஆம்’ என்னும் இடைச்சொல், தான் நேரிற் காணாது பிறர் சொல்லக் கேட்டதென்பதை உணர்த்தும். அது மொழிபெயர்ப்பில் வீழ்ந்துவிடின், கேள்விச் செய்தி கண்ணாற்கண்ட செய்தியாகிவிடுகின்றது. பின்னர், ‘நீ அங்கிருக்கவில்லை என்றாயே’ என்று மடக்குகின்றனர். ஈரெழுத்தாலாகிய இடைச்சொல்லில் ஒருவன் உயிர் நிற்கின்றது என்று வகுப்பிற் கூறினால் மாணவர் நகைப்பர். ஆயினும் அது மெய்.

காலக் கணக்கும் இத்தகையதே. நம் கிராமத்தவர் நிகழ்ச்சிகளைத் திகதியால் நினைவிற் கொள்வதில்லை. நல்லூர்த் தேருக்கு மறுநாள் என்பர். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இடப்பெயர்வுக்கு முந்திய மாரி என்பர். அதிகாரி வேண்டுவது நாளும் மாதமும் ஆண்டும். நல்லூர்த் தேரோ ஆண்டுதோறும் வெவ்வேறு திகதியில் வருவது. நெருக்குதல் தாங்காது ஏதோ ஒரு திகதியைச் சொல்கின்றான். மறுமுறை வேறொன்றைச் சொல்கின்றான். துன்பம் நினைவைச் சிதைக்கும் என்பது மருத்துவர் ஒப்பிய உண்மை. வதைபட்டார் உடற்றழும்பையும் உளத்தழும்பையும் முறையாக ஆராய்ந்து பதிதற்கென 1999 இல் இஸ்தான்புல் நெறிமுறை என ஒன்று வகுக்கப்பட்டது. பிழையின்றி ஒப்பித்தல் மெய்ம்மைக்கு அடையாளமன்று என்பதை ஆசிரியராகிய எமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. மனனஞ் செய்தவனே பெரும்பாலும் தடுமாறாது சொல்வான். விளங்கிக்கொண்டவன் நின்று நினைந்து சொல்வான்.

இவ்விடத்தில் நம்மவர் குற்றத்தையும் மறைத்தல் முறையன்று. பணம் பெற்று ஆளனுப்பும் முகவர் சிலர் கதையையும் சேர்த்து விற்றனர். ஒருவனுக்கு மெய்யாகவே நிகழ்ந்தது பத்துப்பேர் வாயில் அச்சுப்போல ஒரே சொற்களில் வந்தது. அதிகாரி முதன்முறை கேட்டபோது இரங்கினார். பத்தாம் முறை கேட்டபோது மெய்யுடையவனையும் ஐயுற்றார். பொய்க்கதை சொல்பவன் அரசை மட்டும் ஏமாற்றவில்லை. தனக்குப் பின்னே வரிசையில் நிற்கும் தன் ஊரவனின் மெய்யையும் செல்லாக் காசாக்குகின்றான். ஆகலின் ஆராய்வு வேண்டாமென்று யான் கூறவில்லை. ஆராய்வு முழுமையாகவும் பொறுமையாகவும் நடத்தல் வேண்டும் என்பதே என் துணிபு. அரைகுறை ஆராய்வு பொய்யனையும் பிடிக்காது, மெய்யனையும் காவாது.

பிறநாடுகளை நோக்கிக் கைநீட்டும் நாம் நம் கரையையும் சற்று நோக்குதல் வேண்டும். இலங்கை 1951 ஆம் ஆண்டுச் சமவாயத்திற் சேரவில்லை. அண்டை நாடாகிய இந்தியாவும் சேரவில்லை. தமிழ்நாட்டு முகாம்களில் நம்மவர் பல்லாண்டு உயிர் பிழைத்திருந்தது ஓர் அரசின் தயவினாலன்றிச் சட்டத்தின் உரிமையினாலன்று. அங்கே பிறந்த பிள்ளைகள் வளர்ந்து பெற்றோராகிய பின்னரும் குடியுரிமை எட்டாக்கனியாய் நிற்பதன் காரணம் இதுவே. இலங்கையிலோ, புகலிடம் கோரி வந்த பிறநாட்டாரின் தகுதியை ஐக்கிய நாடுகள் அலுவலகமே நெடுங்காலம் ஆராய்ந்து வந்தது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின்பின், நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் ஒதுங்கியிருந்த பாகிஸ்தானிய அகமதியரும் ஆப்கானியரும் பிறரும் வெளியேற்றப்பட்டுப் பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் தஞ்சம் புகுந்தனர். கொடுமைக்கஞ்சி ஓடிவந்தோர், தாம் செய்யாத குற்றத்துக்காக மறுமுறை அகதியாயினர்.

ஆனால் 2024 டிசம்பரில் நம் நெஞ்சம் நிமிரத்தக்கதொரு காட்சியும் நிகழ்ந்தது. மியன்மாரின் ரோகிங்கியா மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் வந்த படகு முல்லைத்தீவில் முள்ளிவாய்க்காற் கரையை அடைந்தது. அவருட் குழந்தைகளும் உளர். அம்மக்களின் மொழி நம்மவர்க்குத் தெரியாது; சமயம் வேறு. ஆயினும் அப்பகுதி மக்கள் உணவும் நீரும் கொண்டு ஓடினர். 2009 இல் அதே மணலில் தாம் பட்டதை அவர்க்கு எவரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. எச்சான்றும் கேளாது பசித்தவர்க்கு முதலில் நீர் கொடுத்தனர். அது சரி. அதன்பின் ஆராய்வது அரசின் கடன். அக்கடனைச் செய்தற்கேற்ற சட்டம் நம் நாட்டிற்கு வேண்டும் என்று நாம் கூறாதொழியின், நம் பிள்ளைகள் பிறநாட்டு வாயிலில் நின்றபோது நாம் கேட்ட நீதியை நாமே நம்பவில்லை என்பது பெறப்படும்.

இதில் ஒரு கல்லூரி செய்யத்தக்கது யாதெனின், சிறிதன்று. அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் இழந்து ஓடியவனுக்குத் தான் இன்னான் என்று நாட்டத் துணையாகும் ஆவணங்களுட் பாடசாலைச் சேர்விடாப்பும் விடுகைப் பத்திரமும் முதன்மையானவை. பெயர், பிறந்த திகதி, தந்தை பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள் யாவும் அங்கே ஒரு வரியில் உள. போர்க்காலத்திற் பல பாடசாலைகளின் இடாப்புகள் எரிந்தும் நனைந்தும் அழிந்தன. எஞ்சியவற்றைப் படமெடுத்துப் பேணிவைத்தல் பழைய மாணவர் சங்கம் யூபிலி ஆண்டில் மேற்கொள்ளத்தக்க நல்லறம். மண்டபங் கட்டுவோர் பலர். ஏட்டைக் காப்போர் சிலர். அன்றியும், வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவருள் இரு மொழியும் வல்லோர் உரைபெயர்ப்புத் தொழிலை இழிவென எண்ணாது முறையாகப் பயின்று மேற்கொள்ளல் வேண்டும். கிழமைக்கும் நாளுக்கும், அண்ணனுக்கும் ஒன்றுவிட்ட அண்ணனுக்கும் வேறுபாடறிந்த ஒருவர் அம்மண்டபத்தில் இருத்தல் ஒரு வழக்கின் போக்கையே மாற்றும். சான்றுரைக்கும் கடிதம் கேட்பார்க்கு அறிந்ததை மட்டும் எழுதுக. அறியாததை அன்பினாலும் எழுதற்க. முன்சென்று நிலைபெற்றோர் பின்வருவோரைப் ‘பொய்யர், பிழைக்க வந்தோர்’ என்று இகழ்வதையும் விடுத்தல் வேண்டும். தம் கோப்பும் ஒருநாள் ஓர் அதிகாரியின் மேசையில் முடிவின்றிக் கிடந்ததை அவர் மறத்தல் தகாது.

இன்று இம்மலரை வாசிக்கும் இளைய மாணவருள் நாளை நீதிபதியாவோரும், குடிவரவு அதிகாரியாவோரும், சட்டத்தரணியாவோரும் இருப்பர். தமக்கு முன் ஒருவன் வந்து நடுங்கி நிற்கும்போது, அவன் சொல்லை முழுதுங் கேட்டு, மறுப்பார் சொல்லையும் கேட்டு, சான்றை எடைபோட்டு, ஐயம் எஞ்சுமாயின் அதனை அவன் பக்கமே சாய்க்கும் திண்மை அவர்க்கு வேண்டும். அத்தகையோரை ஆக்குதலினும் சிறந்த புகழ் ஒரு கல்லூரிக்கு இல்லை. அப்புகழ் நம் கல்லூரிக்கு என்றும் நிலைப்பதாக.